வாசலுக்கு வெளியே மாமா

பேக்கரியில் அவரை மாஸ்டர் என்று கூப்பிடாத ஆள் கிடையாது. முதலாளி திட்டும்போதுகூட, "என்ன மாஸ்டர், இன்னைக்கு பன்னெல்லாம் கல்லு மாதிரி இருக்கு" என்று மரியாதையாகத்தான் திட்டுவார். ஊர் எழுந்திருக்கும் முன்னே மாவைப் பிசைந்து, உருட்டி, தட்டுகளை அடுப்பில் ஏற்றி இறக்கி, பிரெட் எல்லாம் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். மற்றவர்கள் பின்வாசலில் டீ கிளாஸோடு நின்று ஊர்க்கதை பேசுவார்கள். மாஸ்டர் நிற்கமாட்டார். பள்ளிக்கூடம் விடும்போது அவர் கேட்டில் நின்றாக வேண்டும். புருவத்தில் மாவு ஒட்டியிருப்பதுகூடத் தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவார்.

பாப்பாவைப் பெற்றவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு அவள் வீடு வந்து சேர இருட்டிவிடும். அதனால் மதியத்துக்கு மேல் பாப்பா முழுக்க முழுக்க மாஸ்டர் பொறுப்பு. சாப்பாடு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, சிக்கெடுத்துத் தலை வாருவது, கணக்குப் பாடத்தோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவர்தான். எந்தப் பக்கத்துப் பல் ஆடுகிறது, எந்தக் காய்கறியை எந்தக் காய்கறிக்கு அடியில் ஒளித்து ஊட்டினால் உள்ளே போகும், எந்தக் கதையை எந்த இடத்தில் நிறுத்தினால் தூங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. இப்படிப்பட்ட மனுஷனை நிற்க வைத்துத்தான், இந்தக் குழந்தைக்கு நீங்க யாரு என்று பின்னால் கேட்டார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

மாஸ்டருக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சே ஆகாது. தன்னைப் பெற்றவர்கள் நடத்திய குடித்தனத்தைப் பார்த்துச் சின்ன வயதிலேயே வெறுத்துப் போனவள். நாலு பேரைக் கூட்டிச் சாப்பாடு போட்டால்தான் நீ எனக்கு ஆளா என்று கேட்டாள். மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். அவள் கேட்டதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அவள் இருந்தால் அவருக்குப் போதும். இருவரும் ஓர் ஒற்றை அறையில், அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். அதனால் யார் குடியும் முழுகிப் போகவில்லை.

அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும்தான் வினை வந்தது. அறைக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதன் பிறகு வீடு தேடி அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. போன வாசலெல்லாம் ஒரே கேள்வி. கல்யாணம் ஆயிடுச்சா? சர்டிபிகேட் இருக்கா? நாய் வளர்ப்பவனுக்கு வீடு கொடுத்தார்கள். ராப்பகலாக டிரம் அடித்துப் பழகுகிறவனுக்குக் கொடுத்தார்கள். பெண்டாட்டியை வாரத்துக்கு ஒருமுறை தெருவுக்கு இழுத்து வந்து அடிப்பவனுக்கும் கொடுத்தார்கள், ஏனென்றால் அவனிடம் சர்டிபிகேட் இருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷனுக்கு மட்டும் எந்தக் கதவும் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரம்மா. அந்தம்மா இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணன் தங்கச்சியா?" என்று கேட்டாள். என்ன ஜாடையைக் கண்டாளோ, அவளுக்குத்தான் வெளிச்சம். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டு, ஆமாம் என்றாள். புருஷன் எங்கே என்று அடுத்த கேள்வி வந்தது. கப்பலில் வேலை என்று அதற்கும் பதில் வந்தது. மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சாவி கைக்கு வந்துவிட்டது. அவள் கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் இருந்தன. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு உண்மை பேசத் தோன்றவில்லை.

முதலில் அது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது. மாடிக்கு வந்து கதவைச் சாத்தியதும் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். உன் கப்பல்காரன் கடிதாசி போட்டானா என்று மாஸ்டர் சீண்டுவார். அவன் உன்னை மாதிரி குறட்டை விடமாட்டான் என்பாள் அவள். வெளியே "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுப் பழகியவள் ஒருநாள் அடுப்படியிலும் வாய் தவறி "அண்ணா, உப்பை எடு" என்று சொல்லிவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்காரம்மாவோ மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் கப்பல் எப்போ கரைக்கு வரும் என்று விசாரிப்பாள். மாஸ்டர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, நடுக்கடலில் இருப்பதாகச் சொல்வார்.

பாப்பா பிறந்தாள், பேச ஆரம்பித்தாள். விளையாட்டு அன்றோடு போயிற்று. குழந்தை முதல் வார்த்தையாக "அப்பா" என்றபோது மாஸ்டர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்க வேண்டியவர், ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். குழந்தை வாயை எத்தனை நாள் பொத்த முடியும்? ஆளுக்கு ஒரு யோசனையாகச் சொல்லி, கடைசியில் ஒரு சட்டம் போட்டார்கள். தாழ்ப்பாள் போட்டிருந்தால் அப்பா. தாழ்ப்பாள் திறந்தால் மாமா. அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், கப்பலில். அந்தப் பிஞ்சு அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஒரு தரம்கூடத் தவறவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வழி நெடுக "மாமா, மாமா" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வரும். மாடி ஏறி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் "அப்பா, பசிக்குது" என்று சொல்லும். கை எட்டாத வயதில் முக்காலியைப் போட்டு ஏறி, தாழ்ப்பாளைத் தானே ஒரு தடவை தொட்டுப் பார்க்கும்.

வேறொரு வீடு பார்த்துக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பது சுலபம். எந்த வீட்டுக்கு? அங்கே மட்டும் சர்டிபிகேட் கேட்கமாட்டார்களா?

அவரைப் புகழாத வாய் அந்தத் தெருவில் இல்லை. இப்படி ஒரு தாய்மாமன் கிடைக்க அந்தப் பிள்ளை கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள் பள்ளிக்கூட கேட்டில் நிற்கும் அம்மாமார்கள். தங்கச்சிக்காகத் தன் கல்யாணத்தைக்கூட வேண்டாம் என்று விட்டுவிட்டாராமே என்று யாரோ கிளப்பிவிட்டதை, வீட்டுக்காரம்மா ஊரெல்லாம் பரப்பினாள். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். ஒருநாள் வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்களை ஒட்டியிருந்தார்கள், "என் அப்பா" என்ற தலைப்பில். மற்றப் பிள்ளைகள் மீசையும் கண்ணாடியுமாக ஆளை வரைந்திருக்க, பாப்பா ஒரு பெரிய கப்பலை வரைந்திருந்தாள். நல்லா வரையுறா உங்க மருமக என்று டீச்சர் சொன்னார். மாஸ்டர் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். இல்லாத கப்பலில் இருக்கிற இல்லாத மனுஷன்மேல் அவருக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில், சுவரோடு அதைக் கிழித்திருப்பார். பாப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதால் கிழிக்கவில்லை.

கப்பல்காரனோடு அவர் போட்ட சண்டை மனசுக்குள். அவளோடு போட்ட சண்டை வெளிப்படை. அவர் தூங்கும்போது அவள் வருவாள், அவள் தூங்கும்போது அவர் கிளம்புவார். பேசக் கிடைத்த கொஞ்ச நேரத்தையும் சண்டை தின்றது. உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் கத்தினார்கள், அதுவும் கீழே கேட்டுவிடாமல் அடிக்குரலில் கத்தினார்கள். அந்தச் சமயத்தில்தான் கண்ணாடிக் கடைக்காரர்கள் தூர ஊரில் புதுக் கிளை திறந்து, அதை நடத்த அவளைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது நியாயம்தான், கெட்டிக்காரி. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். போகக் கூடாது என்றார் மாஸ்டர்.

"போகக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?" என்று கேட்டாள்.

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் வந்துவிட்டது. மறுநாள் அவள் பாப்பாவோடு தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மதியம் வழக்கம்போல மாஸ்டர் பள்ளிக்கூட கேட்டில் போய் நின்றார். தினமும் அவரிடம் ஒரு பன்னை வாங்கிக் கடித்துக்கொண்டே சிரித்துப் பேசுகிற வாட்ச்மேன், அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க சார். மாமாகூட அனுப்பக் கூடாதாம்."

நான் அதற்கு அப்பன்டா என்ற வார்த்தை மாஸ்டரின் தொண்டை வரை வந்தது. சுற்றிலும் அம்மாமார்கள் நின்றார்கள். இத்தனை வருஷமாக விழுங்கிப் பழகிய வார்த்தை, அன்றைக்கும் தானாகவே உள்ளே போயிற்று. அதை நினைத்து நினைத்து அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டார். மறுநாள் பேக்கரியில் மாவை அவர் அடித்த அடியைப் பார்த்து, பக்கத்தில் நின்றவர்கள் தள்ளிப் போய் நின்றார்கள்.

மாஸ்டர் ஒரு வக்கீலம்மாவைத் தேடிப் போனார், படபடவென்று பேசுகிறவர். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். குழந்தை உங்களோடது இல்லைன்னு அந்தப் பக்கம் சொல்லவே இல்லை, அது பிரச்சினையே இல்லை என்றார். மாஸ்டருக்கு மூச்சு வந்தது. வக்கீலம்மா அதை நிறுத்தினார். கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிள்ளைமேல் எல்லா உரிமையும் தானாகவே வந்துவிடும். கல்யாணம் ஆகாத தகப்பனுக்கு அப்படி வராது. ஊரறிய, இது என் பிள்ளை என்று சொல்லி வளர்த்திருக்க வேண்டும். இந்த ஊர்ச் சட்டம் அப்படி. சொல்லி வளர்த்தால், அவரைக் கேட்காமல் குழந்தையை ஊர் தாண்டிக் கொண்டுபோக முடியாது. இல்லாவிட்டால் அவர் யாரோ.

"வளர்த்தேனேம்மா," என்றார் மாஸ்டர்.

"வளர்த்தீங்க. சொன்னீங்களா?"

சொல்லவிடாமல் அடித்ததும் இந்த ஊர்தான். இப்போது ஊரறியச் சொன்னாயா என்று கேட்கிற ஊரும் அதே ஊர். சர்டிபிகேட் இல்லாவிட்டால் வீடு இல்லை என்றார்கள், சரி என்று பொய் சொன்னார்கள். பொய் சொன்னாயே, அதனால் பிள்ளை இல்லை என்கிறார்கள். இதற்குப் பெயர் சட்டம் என்றால், அதை எழுதியவர்கள் ஒருநாளாவது வாடகைக்கு வீடு தேடியிருக்க வேண்டும்.

சாட்சி வேண்டும் என்றார் வக்கீலம்மா. வீட்டுக்காரம்மாவை விட்டால் யார் இருக்கிறார்கள்? பாப்பா தவழ்ந்தது முதல் கண்ணால் பார்த்தவள். மாஸ்டர் கீழே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். அவளுக்கு முகம் சிவந்து போனது. கப்பலுக்காகத் தான் வேண்டிக்கொண்டதெல்லாம் ஞாபகம் வந்திருக்கும் போல. புயல் செய்தி வந்த நாட்களில் உண்மையாகவே வேண்டிக்கொண்டவள் அவள்.

"இது தெரிஞ்சிருந்தா நான் வீடே கொடுத்திருக்கமாட்டேன்," என்றாள்.

"அதுக்குத்தாம்மா சொல்லல," என்றார் மாஸ்டர்.

 கடைசியில் அந்தம்மா, சாட்சி சொல்ல வருவதாகவும் பொய் மட்டும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னாள். சொன்னபடியே கோர்ட்டுக்கு வந்தாள். மாஸ்டர் அந்தப் பிள்ளையை வளர்த்த மாதிரி எந்த ஆம்பளையும் வளர்த்துத் தான் பார்த்ததில்லை என்று தெளிவாகச் சொன்னாள். அந்தப் பக்கத்து வக்கீல் எழுந்து, குழந்தை இவரை என்னவென்று கூப்பிடும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாமா என்றாள். ஒருநாளாவது, ஒரு தடவையாவது, அப்பா என்று உங்கள் காதில் விழுந்ததா? இல்லை என்றாள். உட்காரும்போது மாஸ்டரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல மனுஷிதான். நல்ல மனுஷியின் உண்மை அவரைக் குழிதோண்டிப் புதைத்தது.

இனி பாப்பாவையே கேட்டுவிடலாம் என்றார் நீதிபதி. அவருடைய அறைக்குப் பாப்பாவை அழைத்து வந்தார்கள். நீதிபதியும் ஒரு பெண்தான், பேரப்பிள்ளை எடுத்திருக்கிற வயது, குரலில் கடுமை கிடையாது. பெற்றவர்கள் இருவரும் ஓரத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பாப்பா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். யாரோ அவளுக்குத் தலையைப் படிய வாரியிருந்தார்கள், வகிடு கோணலாக இருந்தது. மாஸ்டரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. வாசலில் கோர்ட்டு டவாலி நின்றார்.

மாஸ்டருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அம்மா, அந்தக் கதவைச் சாத்துங்க என்று கத்த நினைத்தார். கத்தினால், குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறான் என்பார்கள். எதிர் நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். அவளுக்கும் புரிந்திருந்தது. அது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

யார் சாப்பாடு ஊட்டுவாங்க என்று நீதிபதி கேட்டார். மாமா. யார் பள்ளிக்கூடத்துக்கு வந்து கூட்டிட்டுப் போவாங்க? மாமா. காய்ச்சல் வந்தா யார் பக்கத்துல இருப்பாங்க? அம்மாவும் மாமாவும். கெட்ட கனவு வந்தா? மாமா.

"அப்போ அப்பா எங்கேம்மா?"

பாப்பா இன்னொரு தடவை கதவைப் பார்த்துக்கொண்டாள். "கப்பல்ல," என்றாள்.

சொல்லிவிட்டு மாஸ்டரைப் பார்த்தாள். இத்தனை பெரிய இடத்தில், இத்தனை பெரியவர்கள் துருவித் துருவிக் கேட்டும் தான் மாட்டிக்கொள்ளவில்லை என்ற பெருமை அந்த முகத்தில் இருந்தது. மாஸ்டர் என்ன செய்வார்? தலையை ஆட்டினார். வேறு எதைச் செய்திருந்தாலும் அந்தப் பிள்ளை பயந்திருக்கும்.

தீர்ப்பு நாளன்று நீதிபதி பொறுமையாகத்தான் விளக்கினார். ரத்த உறவில் சந்தேகம் இல்லை. அன்பிலும் சந்தேகம் இல்லை. ஆனால் இவர் தன்னைத் தகப்பன் என்று வெளியே யாரிடமும் சொன்னதில்லை. குழந்தை மனதிலும் இவர் மாமாதான். இப்போது போய் அதைக் குழப்புவது குழந்தைக்கு நல்லதல்ல. தாய் விரும்பிய ஊருக்குக் குழந்தையைக் கூட்டிப் போகலாம். தாய் சம்மதித்தால் இவர் வந்து பார்த்துக்கொள்ளலாம். குழந்தையின் நன்மை என்ற வார்த்தையை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வார்த்தை வரும்போதெல்லாம் மாஸ்டருக்குக் காது அடைத்தது.

வெளியே நீளமான வராந்தா. வக்கீல்கள், கட்சிக்காரர்கள், கட்டுக் கட்டாகக் காகிதம் சுமக்கிறவர்கள் என்று நெரிசல். கோடியில் வெளிக்கதவு அகலத் திறந்து கிடந்தது, தெருவின் இரைச்சல் உள்ளே வந்துகொண்டிருந்தது. பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். மாஸ்டர் ஓடிப்போய் வழியை மறித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? வீட்டுக்குள்ள இவ அப்பான்னுதான் கூப்பிடுவான்னு ஒரே ஒரு வார்த்தை."

"நான் சொன்னா நீ அவளை விடுவியா?" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை. "சொல்லிக் கொடுத்தது நான் மட்டுமா? நீயும்தானே. உனக்கும் அன்னைக்கு வீடுதானே வேணும்?"

அது உண்மைதான். உண்மை என்பதால்தான் மாஸ்டருக்கு அடக்கி வைத்த எல்லாமும் ஒரேயடியாகப் பொங்கி வந்தது. கேட்டில் விழுங்கியது, மாடிப்படியில் விழுங்கியது, கப்பல் படத்தின் முன்னால் விழுங்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. சுற்றியிருந்த அத்தனை பேர் பக்கமும் திரும்பினார்.

"நான்தான் இவளோட அப்பா," என்று கத்தினார். "கேட்டுக்குங்க எல்லாரும். மாமன் இல்ல, மச்சான் இல்ல, அப்பா. என் பிள்ளை இது. ஊரறியச் சொல்லணும்னீங்களே, சொல்றேன், எழுதிக்குங்க. நான்தான் அப்பா."

வராந்தா அப்படியே நின்றது. டவாலி ஓடி வந்து, சத்தம் போடாதீங்க சார், இது கோர்ட்டு என்றார். தீர்ப்பு சொன்ன அறையின் கதவை யாரோ உள்ளிருந்து சாத்தினார்கள். மாஸ்டர் நிறுத்தவில்லை. அந்த வார்த்தையை அவர் வெளியில் சொல்வது இதுதான் முதல் தடவை. சொல்லச் சொல்ல இன்னும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

பாப்பா அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள். மாஸ்டர் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.  முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, தன் சின்னக் கையால் அவர் வாயை இறுகப் பொத்தினாள். காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"மாமா, சொல்லாதீங்க. கதவு தொறந்திருக்கு."